தோலுக்குள் ஒரு முப்புரிக் கயிறு

நுழையும்முன்

ஊரின் தொழிலையும் ஆய்வுக்கூடத்தின் அறிவியலையும் வேறுவேறாக வைத்துப் பார்ப்பது நம்மிடையே நெடுங்காலமாக நிலைத்துவிட்ட பழக்கம். திண்டுக்கல்லில் நாள்தோறும் பதனிடப்படும் தோலின் உள்ளே இருக்கும் புரதம் எத்தகைய வடிவுடையது என்பதை, சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1950களில் உலகுக்கு எடுத்துரைத்தனர். அவ்வரலாற்றின் வழியாக, கைத்தொழில் அறிவும் அறிவியல் அறிவும் கைகோக்க வேண்டியதன் தேவையை இக்கட்டுரை வலியுறுத்துகிறது.

பல ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்தது இது. பதினொன்றாம் வகுப்பில் சேர வந்த மாணவர் ஒருவர் படிவத்தின் எல்லா இடங்களையும் நிரப்பிவிட்டுத் 'தந்தையின் தொழில்' என்ற இடத்தை மட்டும் வெறுமையாக விட்டிருந்தார். காரணம் கேட்டேன். தலையைக் குனிந்தவாறே, "கூலி வேலை என்று எழுதிக்கொள்ளலாமா, ஐயா?" என்றார். அவருடைய தந்தை தோல் பதனிடும் கூடத்தில் பல்லாண்டுகளாக உழைப்பவர் என்பது பின்னர்தான் தெரிந்தது. நானும் அன்று 'கூலி' என்றே எழுதிக்கொண்டேன். அந்த ஒரு சொல்லில் மறைந்துபோன அறிவு எவ்வளவு என்பதை அப்போது நான் அறிந்திருக்கவில்லை.

கைகள் அறிந்தவை

திண்டுக்கல் என்றதும் பூட்டும், பிரியாணியும், சின்னாளப்பட்டிச் சுங்குடிச் சேலையும் நினைவுக்கு வருகின்றன. அவ்வரிசையில் தோல் கடைசியில் நிற்கும். பல வேளைகளில் சொல்லப்படாமலே போகும். ஆனால், இவ்வூரில் பல தலைமுறையினரின் உழைப்பு தோல் தொட்டிகளுக்குள் கரைந்திருக்கிறது. அவ்வுழைப்பாளர்களின் வாழ்வையும் போராட்டத்தையும் 'தோல்' என்னும் புதினமாக எழுதிய டி. செல்வராஜ், 2012ஆம் ஆண்டு சாகித்திய அகாதெமி விருது பெற்றார்.

பச்சைத்தோல் விரைவில் அழுகக்கூடியது. எனவே, அதனை உப்பிட்டுக் காப்பர். பின்னர் நீரில் ஊறவைத்து உப்பைக் கழிப்பர். சுண்ணாம்புத் தொட்டியில் இட்டு மயிரை நீக்குவர். ஒட்டியிருக்கும் சதையைச் சீவுவர். அதன்பின் ஆவாரம்பட்டைச் சாறும் கடுக்காய்ச் சாறும் தோலுக்குள் ஏறும்படி செய்வர். இந்நாளில் பெரும்பாலும் குரோமிய உப்பு அவ்விடத்தைப் பிடித்துக்கொண்டது. எத்தனை நாள் ஊற வேண்டும், எப்போது எடுக்க வேண்டும் என்பதை எல்லாம் தோலை விரலால் அழுத்தியும் மடித்தும் பார்த்தே தொழிலாளி சொல்லிவிடுவார்.

இப்பணிகள் அனைத்திற்கும் நோக்கம் ஒன்றே. தோலில் உள்ள பிறவற்றை நீக்கி, ஒரு புரதத்தை மட்டும் நிறுத்தி, அதனை அழுகாமல் நிலைபெறச் செய்வதே அந்நோக்கம். அப்புரதத்தின் பெயர் கொலாஜன். தோல், எலும்பு, குருத்தெலும்பு, தசைநாண் ஆகியவற்றுக்கு உறுதி தருவது இதுவே. பாலூட்டிகளின் உடலிலுள்ள மொத்தப் புரதத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கொலாஜன்தான்.

வீட்டிலும் இதனை நாம் சந்திக்கிறோம். ஆட்டுக்கால் சாறு ஆறியபின் கூழ்போல் உறைவதைப் பார்த்திருப்பீர்கள். நீண்ட நேரம் கொதித்ததால் கொலாஜன் தன் கட்டு அவிழ்ந்து ஜெலட்டினாக மாறியதன் விளைவு அது. பச்சைத்தோலை ஏறத்தாழ 60 பாகை செல்சியசு வெப்பமுள்ள நீரில் இட்டால் சுருங்கிப் போகும். குரோமியம் நன்கு ஏறிய தோலோ கொதிக்கும் நீரையும் தாங்கும். இவ்வேறுபாட்டைத் தொழிலாளி தம் பட்டறிவால் அறிவார். காரணத்தை அறிய வேண்டுமெனில், அப்புரதத்தில் அணுக்கள் எவ்வாறு அடுக்கப்பட்டுள்ளன என்பதைக் காண வேண்டும். அதனைக் காண்பது எப்படி?

துணியும் தெருவிளக்கும்

நெருக்கமாக நெய்த மெல்லிய துணி ஒன்றைக் கண்ணருகே பிடித்துக்கொண்டு, இரவில் தொலைவிலுள்ள தெருவிளக்கைப் பாருங்கள். ஒரு விளக்கு பல விளக்குகளாய்ச் சிலுவை வடிவில் விரிந்து தெரியும். இழைகளுக்கு இடையிலுள்ள நுண்ணிய இடைவெளிகளில் ஒளி வளைந்து பரவுவதால் விளையும் காட்சி அது. இதனை இயற்பியல் விளிம்பு விளைவு என்கிறது. இழைகள் நெருங்க நெருங்க ஒளிப்புள்ளிகள் விலகிச் செல்லும். ஆகவே, துணியைத் தொடாமலே, புள்ளிகளின் இடைவெளியைக் கொண்டு இழைகளின் இடைவெளியைக் கணக்கிடலாம்.

அணுக்களின் அடுக்கும் ஒருவகை நெசவே. ஆனால், அதன் இடைவெளி மிகச்சிறியது. கண்ணுக்குப் புலனாகும் ஒளியின் அலைநீளம் ஏறத்தாழ 4000 முதல் 7000 ஆங்ஸ்ட்ரம் வரை இருக்கும். இரண்டு கார்பன் அணுக்களுக்கு இடையிலான ஒற்றைப் பிணைப்பின் நீளமோ 1.54 ஆங்ஸ்ட்ரம் மட்டுமே. இதனை அளக்க இதற்கு ஒத்த சிற்றலை வேண்டும். 1895ஆம் ஆண்டு ரான்ட்ஜன் கண்டறிந்த எக்ஸ் கதிர் அத்தகையது. செம்பிலிருந்து பெறப்படும் எக்ஸ் கதிரின் அலைநீளம் 1.54 ஆங்ஸ்ட்ரம் என்பது வியப்பான பொருத்தம்.

1912இல் ஜெர்மனியில் மாக்ஸ் வான் லாவேயின் கருத்தைச் சோதித்த ஆய்வாளர்கள், மயில்துத்தப் படிகத்தின் ஊடே எக்ஸ் கதிரைச் செலுத்தி ஒளிப்படத் தகட்டில் புள்ளிகளைக் கண்டனர். அப்புள்ளிகளிலிருந்து அணுக்களின் இருப்பிடத்தைக் கணக்கிடும் வழியைத் தந்தையும் மகனுமான பிராக் இணையர் வகுத்தனர். 1915இல் நோபல் பரிசைப் பெற்றபோது மகன் லாரன்சு பிராக்கின் வயது 25.

உப்பின் படிகத்தில் அணுக்கள் சிலவே. புரதத்தில் அவை ஆயிரக்கணக்கானவை. அதனால் புரதப் படிகத்தின் புள்ளிகளைப் பெறுவதே அரிதாக இருந்தது. 1934இல் கேம்பிரிட்ஜில் பெர்னலும் டோரதி கிரோஃபுட்டும் பெப்சின் படிகத்தை ஆராய்ந்தபோது, உலர்ந்த படிகம் தெளிவான புள்ளிகளைத் தரவில்லை. அது வளர்ந்த நீர்மத்தோடு சேர்த்து மெல்லிய கண்ணாடிக் குழாயில் அடைத்தபோது தெளிவான புள்ளிகள் தோன்றின. புரதப் படிகத்தின் ஒழுங்கு அதனுள் நிறைந்த நீரையும் சார்ந்தது என்பது விளங்கியது.

கொலாஜனின் நிலை இன்னும் கடினமானது. அது மணிமணியான படிகமாக அல்லாமல் இழையாகவே கிடைக்கிறது. இழையில் எக்ஸ் கதிரைச் செலுத்தினால் மங்கலான சில புள்ளிகளே கிடைக்கும். அவற்றைக் கொண்டு நேரடியாக வடிவத்தைக் கணக்கிட இயலாது. பொருத்தமான வடிவம் ஒன்றை உருவமைத்து, அது எத்தகைய புள்ளிகளைத் தரும் எனக் கணக்கிட்டு, படத்தோடு ஒப்பிட வேண்டும். பொருந்தாவிடில் மீண்டும் தொடங்க வேண்டும்.

கிண்டியில் திரிந்த கயிறு

1952ஆம் ஆண்டு. சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஏ. இலட்சுமணசாமி முதலியார் கிண்டி வளாகத்தில் இயற்பியல் துறைக்குத் தக்க தலைவரைத் தேடினார். சர் சி. வி. இராமன் தம் மாணவரான ஜி. என். இராமச்சந்திரனைப் பரிந்துரைத்தார். கோபாலசமுத்திரம் என்னும் ஊரைத் தம் பெயரின் முதலெழுத்தாகக் கொண்ட இராமச்சந்திரன் 1922இல் எர்ணாகுளத்தில் பிறந்தவர். பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்திலும் கேம்பிரிட்ஜிலும் ஆய்வு செய்தவர். பேராசிரியராகப் பொறுப்பேற்றபோது முப்பது வயதை எட்டிக்கொண்டிருந்தார்.

அக்காலத்தில் சென்னைக்கு வந்த பெர்னல், கொலாஜனுக்கு அதுவரை கூறப்பட்ட வடிவங்கள் எவையும் நிறைவு தரவில்லை என்று குறிப்பிட்டார். இராமச்சந்திரன் அதனைத் தம் வினாவாக ஏற்றார். ஆய்வுக்குத் தூய கொலாஜன் வேண்டும். அதற்கு நெடுந்தொலைவு செல்ல வேண்டியிருக்கவில்லை. 1948இல் தொடங்கப்பட்ட மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் அருகிலேயே அடையாற்றில் இருந்தது. அதன் வழியாகக் கிடைத்த கங்காரு வால் தசைநாண் நல்ல படங்களைத் தந்தது. தோல் தொழிலுக்கென உருவான நிறுவனமும் இயற்பியல் துறையும் அண்டை வீடுகளாய் அமைந்தது இவ்வாய்வுக்குக் கிடைத்த பேறு.

இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1954இல் 'நேச்சர்' இதழில் முதல் வடிவத்தை வெளியிட்டனர். கொலாஜன் மூன்று சங்கிலிகளால் ஆனது என்பது அதன் சாரம். 1955இல் அதனைத் திருத்தி, மூன்று சங்கிலிகளும் ஒன்றையொன்று சுற்றிக் கயிறுபோல் முறுக்கிக்கொண்டிருப்பதாகக் காட்டினர்.

கயிறு திரிப்போரைக் கவனித்தால் இவ்வடிவம் எளிதில் விளங்கும். ஒவ்வொரு புரியையும் ஒரு திசையில் முறுக்குவர். பின்னர்ப் புரிகளைச் சேர்த்து எதிர்த்திசையில் முறுக்குவர். எதிரெதிர் முறுக்குகள் ஒன்றையொன்று அவிழவிடாமல் பிடித்துக்கொள்ளும். கொலாஜனிலும் ஒவ்வொரு சங்கிலியும் இடப்புறமாகச் சுருள்கிறது. மூன்றும் சேர்ந்து வலப்புறமாகச் சுற்றுகின்றன. ஏறத்தாழ ஆயிரம் அமினோ அமிலங்கள் கொண்ட மூன்று சங்கிலிகள் இணைந்த அக்கயிற்றின் நீளம் 300 நானோமீட்டர், தடிமன் 1.5 நானோமீட்டர்.

கொலாஜன் சங்கிலியில் ஒவ்வொரு மூன்றாம் இடத்திலும் கிளைசின் இருப்பதற்கான காரணமும் இதனால் புலப்பட்டது. மூன்று சங்கிலிகளும் நெருங்கும் நடுப்பகுதியில் இடம் மிகக் குறைவு. பக்கக் கிளையாக ஒரே ஒரு ஹைட்ரஜன் அணுவை மட்டும் கொண்ட கிளைசினே அங்கே பொருந்தும். அவ்விடத்தில் வேறு அமினோ அமிலம் புகுந்தால் கயிற்றின் முறுக்குக் குலையும்.

தெரிந்து தெளிவோம்

பிறவியிலேயே எலும்புகள் எளிதில் முறியும் நோய் ஒன்றுண்டு. அந்நோயாளர் பலரின் கொலாஜனில் ஒரு கிளைசினின் இடத்தில் வேறோர் அமினோ அமிலம் அமைந்திருக்கும். கொலாஜனின் முப்புரி உறுதிபெற வைட்டமின் சி தேவை. அது குறையும்போது ஈறுகளில் குருதி கசியும் ஸ்கர்வி நோய் தோன்றும். நெல்லிக்கனி வைட்டமின் சி நிறைந்தது.

பிழை சுட்டலில் பிறந்த வரைபடம்

இவ்வரலாற்றில் மாணவர்கள் சிறப்பாகக் கருத வேண்டிய பகுதி இனித்தான் வருகிறது. டி.என்.ஏ. வடிவத்தைக் கண்டறிந்தவருள் ஒருவரான பிரான்சிசு கிரிக்கும் அலெக்சாண்டர் ரிச்சும் 1955இலேயே சென்னை வடிவத்தைக் குறைகூறினர். அதில் சில அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கியுள்ளன. சங்கிலிகளைப் பிணைக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகள் மூன்று அமினோ அமிலங்களுக்கு இரண்டு அல்ல, ஒன்றே என்றனர். பிணைப்பின் எண்ணிக்கையில் அவர்கள் கருத்தே பின்னர் நிலைபெற்றது. முப்புரிக் கயிறு என்னும் அடிப்படை வடிவமோ சென்னையினுடையதாக நிலைத்தது. கொலாஜனை ஒத்த சிறு புரதத்துண்டு ஒன்றின் படிகத்தை 1994இல் எக்ஸ் கதிரால் ஆராய்ந்தபோதும் அம்மூன்று புரிகளே தெளிவாகத் தெரிந்தன.

குறை சொல்லப்பட்டபோது இராமச்சந்திரன் அதனைப் பகையாகக் கொள்ளவில்லை. மற்றொரு வினாவாக மாற்றினார். இரண்டு அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம்? எந்த அளவுக்குமேல் நெருங்கக் கூடாது? அதுவரை வெளியான படிகங்களின் அளவுகளை எல்லாம் அவர் குழு திரட்டியது. புரதச் சங்கிலி என்பது கீல்களால் இணைத்த பலகைகளின் வரிசை போன்றது. ஒவ்வோர் இணைப்பிலும் இரண்டு திருப்பக் கோணங்கள் உண்டு. அவ்விரண்டும் எத்தனை பாகை என்று சொல்லிவிட்டால் சங்கிலி செல்லும் வழி தெரிந்துவிடும். ஒரு கோணத்தைக் கிடை அச்சிலும் மற்றொன்றைச் செங்குத்து அச்சிலும் வைத்து, எக்கோணங்களில் அணுக்கள் மோதும், எவற்றில் மோதா எனக் கணக்கிட்டனர். மேசைக் கணக்கீட்டுக் கருவிகளைக் கொண்டு ஒவ்வொன்றாகச் செய்த கணக்கு அது. சதுரத்தின் பெரும்பகுதி தடை செய்யப்பட்ட பகுதியாயிற்று. சில தீவுகளே இசைவு பெற்றன.

சி. இராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகியோருடன் இணைந்து 1963இல் வெளியிட்ட அவ்வரைபடம் 'இராமச்சந்திரன் வரைபடம்' என்று உலகெங்கும் வழங்குகிறது. இன்றும் ஓர் ஆய்வாளர் புதிய புரத வடிவத்தை வெளியிட்டால், அது சரியானதா என உரைத்துப் பார்க்கும் உரைகல் இதுவே. கிரிக்கும் ரிச்சும் பிழை சுட்டாதிருந்தால் இவ்வரைபடம் பிறந்திருக்குமா என்பது ஐயமே. தேர்வுத்தாளில் சிவப்பு மையைக் கண்டவுடன் அதனை மடித்து வைத்துவிடும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. அம்மையிலிருந்து அடுத்த வினாவைத் தொடங்கலாம் என்பதற்கு இதனைவிடச் சிறந்த சான்று வேண்டியதில்லை.

கருவியும் வேண்டும்

இவ்வரலாற்றைச் சொல்வோர், "கருவி எதற்கு? சிந்தனை இருந்தால் போதும்" என்று முடிப்பதுண்டு. எனக்கு அக்கருத்தில் உடன்பாடில்லை. கோபிநாத் கர்த்தா பின்னர் அமெரிக்காவின் பஃபலோ நகருக்குச் சென்றார். அங்கே 1967இல் பெல்லோ, ஹார்க்கர் ஆகியோருடன் சேர்ந்து ரைபோநியூக்ளியேசு என்னும் நொதியின் முழு வடிவத்தையும் படிகத்திலிருந்து கண்டறிந்தார். அதற்கு ஆயிரக்கணக்கான புள்ளிகளை அளக்கும் கருவியும் கணிப்பொறியும் வேண்டும். கொலாஜனைக் கிண்டியிலேயே கண்ட கைகள், நொதியைக் காண்பதற்குக் கடல் கடந்த ஆய்வுக்கூடத்தில் இருந்தன. சிதம்பரத்தில் 1952இல் பிறந்த வெங்கட்ராமன் இராமகிருஷ்ணன், புரதத்தை உருவாக்கும் ரைபோசோமின் வடிவத்தை எக்ஸ் கதிரால் கண்டு 2009இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டதும் அயல்நாட்டு ஆய்வுக்கூடங்களில் நிகழ்ந்ததே. வறுமையிலும் அறிவு முளைக்கும் என்பது உண்மை. அதனைக் காட்டி, நீர் ஊற்றும் கடமையிலிருந்து சமுதாயம் விலகிவிடக் கூடாது. இன்று இந்தூரில் உள்ள 'இந்தசு-2' போன்ற வலிமை மிக்க எக்ஸ் கதிர் மூலம் நம் நாட்டிலேயே இருப்பது நம்பிக்கை தருகிறது.

வேறொரு மறுப்பும் எழலாம். புரத வடிவங்களைச் செயற்கை நுண்ணறிவே கணித்துவிடுகிறது. அப்பணிக்கு 2024ஆம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசின் ஒரு பகுதி வழங்கப்பட்டுவிட்டது. இனிப் படிகமும் எக்ஸ் கதிரும் எதற்கு என்று கேட்கலாம். புரத வடிவங்களைத் தொகுக்கும் தரவகம் 1971இல் ஏழே வடிவங்களோடு தொடங்கியது. இன்று அதில் இரண்டு இலட்சத்திற்கும் மேற்பட்ட வடிவங்கள் உள்ளன. அவற்றுள் பெரும்பாலானவை எக்ஸ் கதிரால் கண்டவை. அத்தொகுப்பைப் படித்தே இயந்திரம் கணிக்கக் கற்றது. இயந்திரம் சொல்லும் விடையைச் சோதிக்கவும் மீண்டும் படிகத்திடமே செல்ல வேண்டும். ஆசிரியர் இன்றித் தேறிய மாணவர் இல்லை.

கிணற்று நீர் கேட்கும் வினா

அறிவியலைப் போற்றும்போது அதன் மறுபக்கத்தையும் மறைக்கலாகாது. தோலை நிலைக்கச் செய்யும் குரோமியமும் உப்பும் கழிவுநீரோடு கலந்து, திண்டுக்கல்லைச் சூழ்ந்த பகுதிகளின் நிலத்தடி நீரைக் கெடுத்தன. ஒரு காலத்தில் குடிநீர் தந்த கிணறுகளை உவர்ப்பாக்கின. சுத்திகரிப்பு நிலையங்கள் வந்த பின்னும் சிக்கல் முற்றிலும் தீரவில்லை. குரோமியம் கொலாஜன் சங்கிலிகளைப் பாலம்போல் இணைப்பதாலேயே தோல் கொதிநீரைத் தாங்குகிறது என்று இன்று நாம் அறிவோம். அப்படியானால், மண்ணையும் நீரையும் கெடுக்காமல் அப்பாலத்தை அமைக்கும் பொருள் எது? ஆவாரம்பட்டை செய்த பணியை அதனினும் விரைவாகச் செய்வது எவ்வாறு? முப்புரியின் வடிவம் தெரிந்திருப்பதால்தான் இவ்வினாக்களை இன்று தெளிவாகக் கேட்க முடிகிறது. விடை இன்னும் முழுமையாகக் கிடைக்கவில்லை.

அவ்விடையைத் தேடத் தகுதி வாய்ந்தவர் யார்? வேதியியல் படித்தவர் மட்டுமா? தோலை விரலால் அழுத்தியே அதன் பக்குவத்தைச் சொல்பவரின் மகனோ மகளோ வேதியியல் படித்தால், அவரிடம் இரண்டு அறிவும் ஒன்று சேரும். அத்தகையோர் நம் வகுப்பறைகளில் முன்பும் இருந்தனர், இப்போதும் இருக்கின்றனர். அவர்கள் தம் வீட்டுத் தொழிலைச் சொல்லத் தயங்கும் வகையில் நாம் பேசியும் பழகியும் வந்ததே பெருங்குறை. தோலைத் தொடுவோரைத் தாழ்வாக எண்ணிய சமுதாயம், தன் உடலைத் தாங்கி நிற்பதும் அதே கொலாஜன்தான் என்பதை அறியாமல் இருந்துவிட்டது.

அந்த மாணவரின் படிவத்தை இன்று நிரப்ப நேர்ந்தால், 'கூலி' என்று எழுதமாட்டேன். 'தோல் பதனிடுநர்' என்று தெளிவாக எழுதுவேன். எழுதிய பின், கிண்டியில் திரிக்கப்பட்ட முப்புரிக் கயிற்றின் கதையை அவருக்குச் சொல்வேன்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் நடைபெறும் கைத்தொழில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதில் ஈடுபட்டுள்ளவரிடம் உரையாடுக. அவர் பட்டறிவால் அறிந்த செய்தி ஒன்றுக்கான அறிவியல் காரணத்தைக் கண்டறிந்து கட்டுரை எழுதுக.

2. மூன்று நூல்களைக் கொண்டு கயிறு திரித்துப் பார்க்க. ஒரே திசையில் முறுக்கியதற்கும் எதிர்த்திசையில் முறுக்கியதற்கும் உள்ள வேறுபாட்டை வகுப்பறையில் விளக்குக.

3. 'கருவியா, சிந்தனையா: ஆய்வுக்கு முதன்மையானது எது?' என்னும் தலைப்பில் வகுப்பில் சொற்போர் நிகழ்த்துக.